கல்லீரல் ஆர்எஃப் அப்லேஷன்: சிமுலேஷனில் 38 மி.மீ., பன்றி ஈரலில் 30 மி.மீ. எங்கே இடிக்கிறது?

பிரிவு: உயிரிமருத்துவப் பொறியியல் › கணினி மாடலிங்

#1 நிலா_கென்ட்ரிட்ஜ்

வணக்கம். கல்லீரல் கட்டியை ரேடியோ அலைவரிசை மின்னோட்டத்தால் சூடாக்கி அழிக்கும் அப்லேஷன் சிகிச்சைக்கு ஒரு மாடல் கட்டியிருக்கிறேன். மின்புலம், வெப்பம், திசுச் சேதம் மூன்றும் இணைந்த மாடல். விவரம் இது:

எலக்ட்ரோடு 17 கேஜ், விட்டம் ஏறக்குறைய 1.5 மி.மீ. நுனியில் 30 மி.மீ. உலோகம் வெளியே தெரியும், மீதி இன்சுலேஷன். உள்ளே குளிர்நீர் ஓடுகிறது. அச்சுச் சமச்சீர் கொண்ட இருபரிமாண மாடல். 480 கிலோஹெர்ட்ஸில் திசுவுக்குள் அலைநீளம் மீட்டர் கணக்கில் இருப்பதால், மேக்ஸ்வெல் சமன்பாடுகளை முழுதாகத் தீர்க்காமல் அவற்றின் எளிய லாப்லாஸ் வடிவத்தில் நிறுத்திக்கொண்டேன். வெப்பத்துக்குப் பென்னிஸ் சமன்பாடு, திசுவில் ஓடும் ரத்தம் எடுக்கும் சூட்டையும் சேர்த்தது. வெட்டிய ஈரலில் ரத்தம் ஓடாது என்பதால் பெர்ஃப்யூஷன் (திசுவுக்குள் ரத்த ஓட்ட வீதம்) பூஜ்யம். மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.33 சீமென்ஸ், டிகிரிக்கு 2% கூடும். வெப்பக் கடத்துதிறன் 0.52, அடர்த்தி 1080, தன்வெப்பம் 3540, எல்லாம் எஸ்ஐ அலகில். ஆரம்ப வெப்பநிலை 37 டிகிரி. சேதத்துக்கு அரீனியஸ் சமன்பாடு, அது தரும் சேத அளவான ஒமேகா 1 ஆன இடம்வரை செத்த திசு என்று எடுக்கிறேன்.

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய பன்றி ஈரலில் அதே எலக்ட்ரோடு, அதே பவர், அதே 12 நிமிடம். வெளுத்த பகுதியின் குறுக்கு விட்டம் 30 மி.மீ. மாடலில் 38. சோதனையில் இம்பிடென்ஸ் (மின்மறிப்பு) பிற்பகுதியில் எகிறுகிறது, மாடலில் இறங்கிக்கொண்டே போகிறது. உச்ச வெப்பநிலை மெஷ்ஷை (கணக்கிடப் பிரித்த சிறு துண்டுகளின் வலையை) நுணுக்கும்போதெல்லாம் மாறுகிறது. எதை முதலில் பார்ப்பது?

#2 தணிகை

37 டிகிரியில் ஆரம்பித்தது உயிருள்ள உடலுக்குச் சரி. உங்கள் ஈரல் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது, அது இருந்தது ஆய்வக வெப்பநிலையில். 24 டிகிரி என்று வையுங்கள். விளிம்பு 50 டிகிரியை எட்ட, சோதனையில் 26 டிகிரி ஏற வேண்டும். உங்கள் மாடலில் 13 ஏறினால் போதும். தேவையான ஏற்றம் சரிபாதியாகக் குறைந்துவிட்டது. விட்டம் பெரிதாக வருவதற்கு இது ஒன்றே போதும். கடத்துதிறனையும் அதற்கேற்ப இறக்குங்கள்: 37 டிகிரியில் 0.33 என்றால், டிகிரிக்கு 2% கணக்கில் 24 டிகிரியில் 0.24தான்.

அடுத்தது ஒமேகா. பல பயிற்சி மாடல்களில் வரும் அதே ஜோடி எண்களைத்தான் நீங்களும் போட்டிருப்பீர்கள்: முன்காரணி நொடிக்கு 7.39 × 10³⁹, கிளர்வு ஆற்றல் மோலுக்கு 2.577 × 10⁵ ஜூல். இந்த ஜோடியை 37 டிகிரியில் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். வேகம் நொடிக்கு 2.9 × 10⁻⁴ வரும். அதாவது ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் 57 நிமிடத்தில் ஒமேகா 1 ஆகிவிடும். ஆரோக்கியமான ஈரல் உடல் சூட்டிலேயே செத்ததாக மாடல் சொல்லும். உங்கள் 12 நிமிடத்தில் எலக்ட்ரோடிலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் ஒமேகா 0.21 இருக்கும். 19% சேதம்! டொமைனின் வெளி ஓரத்தில் ஒரு புள்ளியைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

அதைவிட முக்கியம், 12 நிமிடம் நிலையாக 42 டிகிரியில் இருந்தாலே இந்த ஜோடி ஒமேகா 1 கொடுத்துவிடும். சப்பரெட்டோவும் டியூயியும் 1984இல் தந்த 43 டிகிரிச் சமநிமிடக் கணக்கில் (எந்தச் சூட்டையும் 43 டிகிரியில் அதே சேதம் தரும் நிமிடங்களாக மாற்றுவது) அது வெறும் 3 நிமிடம். திசு முழுதாகச் சாவதற்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 240 நிமிடம். இரண்டும் ஒரே ஈரலைப் பற்றிப் பேசவில்லை.

ஒமேகா 4.6 என்று எல்லையை வையுங்கள். அது 99% சேதம். 12 நிமிடத்துக்கு அது 46.9 டிகிரி கேட்கும். 240 சமநிமிடக் கணக்கு 47.3 டிகிரி கேட்கும். இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, அதனால் எனக்கு 4.6 மேல் நம்பிக்கை அதிகம். 60 டிகிரிக்கு மேல் எந்த எல்லை என்பது பெரிதாக உறுத்தாது. அங்கே ஒமேகா 1க்கு 3.5 நொடி போதும். விளிம்பில்தான் எல்லாச் சிக்கலும்.

#3 நிலா_கென்ட்ரிட்ஜ்

நன்றி தணிகை அண்ணன். ஆரம்ப வெப்பநிலை 24, கடத்துதிறன் 0.24, ஒமேகா 4.6 என்று மாற்றி ஓட்டினேன். இடைவெளியில் பாதிக்கு மேல் அடைபட்டுவிட்டது. இம்பிடென்ஸும் உச்ச வெப்பநிலையும் அப்படியேதான் இருக்கின்றன.

#4 மின்முனை

உச்ச வெப்பநிலை மெஷ்ஷோடு மாறுவது உங்கள் மெஷ்ஷின் குற்றம் இல்லை. உலோகம் முடிந்து இன்சுலேஷன் தொடங்கும் விளிம்பில் மின்னோட்ட அடர்த்திக்குக் கணித ரீதியாகவே முடிவிலி இருக்கிறது. எவ்வளவு நுணுக்கினாலும் அந்தப் புள்ளியில் எண் ஏறிக்கொண்டே போகும். ஊசி நுனியின் கூர்முனையிலும் அப்படியே. மூலையை 0.1 மி.மீ. ஆரத்தில் மழுக்குங்கள். கன்வெர்ஜென்ஸைச் (மெஷ்ஷை நுணுக்கினாலும் விடை நிலைக்கிறதா என்பதை) சோதிக்க உச்ச வெப்பநிலையை எடுக்கவே வேண்டாம். குறுக்கு விட்டம், மொத்த இம்பிடென்ஸ், செத்த பகுதியின் கன அளவு, இந்த மூன்றும் மெஷ்ஷை இரட்டிப்பாக்கும்போது 1 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரோடு பரப்பை ஒட்டி 0.1 முதல் 0.2 மி.மீ. எலிமென்ட், வெளியே போகப் போகப் பெரிது. காரணம், கோள வடிவ எலக்ட்ரோடில் மின்னோட்டம் தூரத்தின் இருபடியாகக் குறையும், வெப்ப உற்பத்தி நான்காம் படியாகக் குறையும். சூடு முழுக்க முதல் சில மி.மீ.க்குள்ளேயே பிறக்கிறது, மிச்சத்தைக் கடத்தல்தான் கொண்டுபோகிறது.

இம்பிடென்ஸை நேரம் ஓட்டும் முன் கையால் சரிபாருங்கள். எல்லையற்ற ஊடகத்தில் மெல்லிய கம்பிக்கு: நீளத்தை ஆரத்தால் வகுத்து இயல் மடக்கை எடுங்கள், அதை 2 × பை × கடத்துதிறன் × நீளத்தால் வகுங்கள். 30 மி.மீ. நீளம், 0.75 மி.மீ. ஆரம், கடத்துதிறன் 0.33 என்றால் 59 ஓம். 0.24க்கு 80 ஓமை ஒட்டி வரும். மாடலின் முதல் நொடி இம்பிடென்ஸ் இதிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் டொமைன் சிறிதாக இருக்கலாம், அல்லது தரை முனை தவறான பரப்பில் இருக்கலாம். டொமைன் ஆரத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள்.

பவரைக் கட்டுப்படுத்த பலர் மின்னழுத்தத்தைக் கையால் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். தேவையில்லை. ஒரு கணத்தில் கடத்துதிறன் பரவல் எது என்று தெரிந்துவிட்டால் மின்புலம் நேரியல். 1 வோல்ட் போட்டு ஒரு முறை தீர்த்து, அதில் வரும் பவரால் வேண்டிய பவரை வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். அதுதான் போட வேண்டிய வோல்ட். ஒவ்வொரு டைம்ஸ்டெப்பிலும் இதையே செய்யலாம். மாடலைக் கால் பங்காக வெட்டியிருந்தால் பவரும் கால் பங்குதான், மறந்துவிட வேண்டாம். அச்சுச் சமச்சீர் மாடலில் தொகையிடும்போது 2 பை ஆரம் என்ற காரணியைச் சில மென்பொருள்கள் தானாகப் போடும், சில போடாது.

ஆற்றல் கணக்கு முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். திசுவுக்குள் தொகையிட்ட ஜூல் வெப்பம், மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டத்துக்குச் சமமாக வேண்டும். அந்த வெப்பம் எங்கே போயிற்று என்றும் எழுதுங்கள்: திசுவில் சேர்ந்தது, எலக்ட்ரோடின் குளிர்நீர் எடுத்தது, வெளி எல்லையில் போனது, ரத்தம் இருந்தால் ரத்தம் எடுத்தது.

#5 ஜூரோங்_கணிப்பு

இம்பிடென்ஸ் ஏறாததற்குக் காரணம், உங்கள் மாடலில் தண்ணீர் கொதிக்கவில்லை. 2% ஏற்றத்தை மட்டும் வைத்தால் திசு 150 டிகிரிக்குப் போனாலும் இன்னும் நன்றாகக் கடத்துகிறது என்றுதான் மாடல் நினைக்கும். உண்மையில் 100 டிகிரியை ஒட்டி நீராவி வந்து மின்னோட்டத்தை மறிக்கிறது. வழக்கமாகச் செய்வது: 100 டிகிரி வரை ஏற்றம், 100 முதல் 105க்குள் கடத்துதிறனை நூறில் ஒரு பங்குக்கு இறக்குவது.

அதோடு உள்ளுறை வெப்பம். ஈரலில் முக்கால் பங்கு தண்ணீர் என்று எடுத்தால் கன மீட்டருக்கு 1.83 × 10⁹ ஜூல் ஆவியாக்கவே வேண்டும். ஒரு டிகிரி ஏற்ற 3.8 × 10⁶ ஜூல் போதும். அதாவது ஆவியாதல் ஒன்று மட்டும் ஏறக்குறைய 480 டிகிரி ஏற்றத்துக்கான ஆற்றலை விழுங்குகிறது. இதை விட்டால் நடுப்பகுதி பொய்யாகச் சூடாகி, விளிம்பையும் தள்ளிவிடும்.

இங்கேதான் சால்வர் (சமன்பாட்டைத் தீர்க்கும் நிரல்) தடுக்கி விழும். 99.5 முதல் 100.5 வரையான ஒரு டிகிரி அகலத்துக்குள் தன்வெப்பத்தைக் கூட்டினால், ஒரு டைம்ஸ்டெப்பில் 98இலிருந்து 102க்குத் தாவும் புள்ளி அந்த உள்ளுறை வெப்பத்தைக் கட்டாமலே கடந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. அகலத்தை 4, 5 டிகிரியாக்கி, ஸ்டெப்பை 0.1 நொடிக்குக் கட்டுங்கள். கொஞ்சம் எழுத நேரம் இருந்தால் வெப்பநிலையை விட்டுவிட்டு எந்தால்பியையே (மொத்த வெப்ப ஆற்றலை) மாறியாக வைத்து எழுதுங்கள். தாவல் பிரச்சினையே வராது.

ஜெனரேட்டரின் கட்டுப்பாட்டையும் மாடலில் போடுங்கள். இம்பிடென்ஸ் ஆரம்ப மதிப்பைவிட 30 ஓம் ஏறினால் 15 நொடி நிறுத்தி மறுபடி தொடங்குவது என்பது மாடல்களில் பரவலாக எடுக்கும் விதி. இதை ‘இருந்தால், இல்லாவிட்டால்’ என்று சமன்பாட்டுக்குள் எழுதினால் சால்வர் அந்த எல்லையில் முன்னும் பின்னும் ஆடும். நிகழ்வாக அறிவித்து, அந்தக் கணத்தில் சால்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள்.

மின்புலமும் வெப்பமும் ஒரே மேட்ரிக்ஸில் சேர்ந்து தீர வேண்டிய கட்டாயம் இல்லை. முந்தைய ஸ்டெப்பின் வெப்பநிலையில் கடத்துதிறனைக் கணித்து, மின்புலத்தைத் தீர்த்து, வெப்பத்துக்குக் கொடுங்கள். ஸ்டெப் சிறிதாக இருந்தால் இதுவே போதும், நினைவகமும் குறைவு. வணிக மென்பொருள் உரிமம் இல்லாதவர்கள் எல்மர் என்ற இலவச மென்பொருளில் இதை அப்படியே செய்யலாம். நிலையான மின்னோட்டச் சால்வர் ஜூல் வெப்பத்தைக் கணித்துத் தரும், வெப்பச் சால்வரில் பெர்ஃப்யூஷனுக்கு இடம் இருக்கிறது.

#6 வல்லினம்

எல்லாம் சரி. ஆனால் வெட்டிய ஈரலோடு எண் பொருந்திவிட்டது என்று மகிழ்ந்து நோயாளிக்குப் போவதை நான் ஏற்க மாட்டேன். நம் பக்கத்தில் கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் ஹெப்படைட்டிஸ் பி பின்னணியில், சிரோசிஸ் (நார்த்திசு படர்ந்து இறுகிய நிலை) உள்ள ஈரலில் வருகிறது. கட்டியைச் சுற்றியுள்ள நார்த்திசு சூட்டை உள்ளே பிடித்து வைக்கிறது. லிவ்ராகி குழுவினர் 1999இல் இதை அடுப்பு விளைவு என்று விவரித்தார்கள். கட்டி, சுற்றுத்திசு இரண்டுக்கும் ஒரே பண்புகள் போட்ட மாடலில் இது வராது.

பெர்ஃப்யூஷன் இதைவிடப் பெரியது. பலரும் எடுக்கும் எண் நொடிக்கு 0.0064. அதை 100 கிராமுக்கு நிமிடக் கணக்கில் மாற்றினால் ஏறக்குறைய 36 மி.லி. திசுப் பண்புத் தரவுத்தளங்களில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 860 மி.லி. என்று இருக்கும், மாற்றினால் நொடிக்கு 0.0155. இரண்டரை மடங்கு வித்தியாசம்! அலகை மாற்றாமல் 860ஐயோ 86ஐயோ நேரடியாகப் போட்டவர்களின் மாடலில் திசு சூடாகவே ஆகாது.

சூடு ரத்தத்துக்குள் கரைவதற்குமுன் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கணியுங்கள்: வெப்பக் கடத்துதிறனை ரத்தத்தின் அடர்த்தி, தன்வெப்பம், பெர்ஃப்யூஷன் மூன்றின் பெருக்கலால் வகுத்து வர்க்கமூலம். 0.0064க்கு 4.6 மி.மீ.; 0.0155க்கு 3 மி.மீ. அதே போல் நேர அளவு 157 நொடி, 65 நொடி. இந்த எண் தேர்வு ஒன்றே உங்கள் விட்டத்தை நிர்ணயிக்கும். மெஷ்ஷில் நாள்கணக்கில் உழைப்பதற்குமுன் இதை முடிவு செய்யுங்கள்.

#7 தணிகை

வல்லினம் சொல்வது சரி, ஆனால் வரிசை முக்கியம். ரத்தம் இல்லாத ஈரலில் மாடல் பொருந்தாவிட்டால், ரத்தம் சேர்த்த பிறகு பொருந்தினாலும் அதற்கு மதிப்பில்லை. பெர்ஃப்யூஷனை இழுத்து எந்தத் தவறையும் மறைத்துவிடலாம். அதனால்தான் முதலில் வெட்டிய ஈரல்.

பெர்ஃப்யூஷனைச் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சேதமான இடத்தில் நுண்குழாய்கள் அடைபடும், ரத்தம் நின்றுவிடும். அதை அந்தக் கணத்து வெப்பநிலையோடு கட்டினால், ஜெனரேட்டர் நின்று ஆறும்போது செத்த திசுவில் ரத்தம் மறுபடி ஓடத் தொடங்கும். பெர்ஃப்யூஷனை ஒமேகாவோடு கட்டுங்கள்: மைனஸ் ஒமேகாவின் அடுக்குக்குறி மதிப்பால் பெருக்கினால் போதும். ஒமேகா ஏறுமே தவிர இறங்காது.

#8 நிலா_கென்ட்ரிட்ஜ்

கட்டி போர்ட்டல் சிரையின் கிளையை ஒட்டி இருந்தால்? 5 மி.மீ. குழாய். அதற்கு ரத்த ஓட்டத்தைத் தீர்க்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளையும் சேர்க்க வேண்டுமா?

#9 வல்லினம்

சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. 3 மி.மீ.க்கு மேற்பட்ட குழாய்களைப் பென்னிஸின் சராசரிக்குள் கரைக்கக் கூடாது. 1948இல் பென்னிஸ் முன்கையின் வெப்பநிலையை அளந்து அந்தச் சமன்பாட்டை எழுதியது நுண்குழாய்களில் ரத்தம் திசுவோடு சமநிலைக்கு வருகிறது என்ற எண்ணத்தில். பெரிய குழாயில் அப்படி நடக்காது. ரத்தம் ஓடும் திசையில் கட்டியின் ஒரு பக்கம் குளிர்ந்தே இருக்கும், புற்று அங்கிருந்துதான் மறுபடி தலைதூக்கும்.

#10 மின்முனை

குழாயைத் தனியாக வரைய வேண்டும், அதில் சண்டை இல்லை. ஆனால் நேவியர்-ஸ்டோக்ஸ் எதற்கு? சுவரில் வெப்பப் பரிமாற்றக் கெழு போட்டால் போதும், கெழுவைச் சரியாக எடுத்தால்.

5 மி.மீ. குழாய், நொடிக்கு 10 செ.மீ. ஓட்டம் என்றால் ரெனால்ட்ஸ் எண் 150. சீரான ஓட்டம். பிரான்டில் எண் 24. குழாய்க்குள் வெப்பப் பரவல் முழுதாக நிலைபெற 0.9 மீட்டர் நீளம் வேண்டும். உங்கள் சூடான பகுதி 30 மி.மீ. எனவே பாடநூலில் நீளமான குழாய்க்குத் தரும் நஸல்ட் எண் (ஓட்டம் சுவரிலிருந்து வெப்பத்தை எடுக்கும் அளவு) 3.66ஐ எடுத்தால் தவறு. சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 380 வாட்தான் கிடைக்கும். ஹௌசன் சூத்திரத்தில் நுழைவுப் பகுதியைச் சேர்த்தால் நஸல்ட் 14, கெழு 1470. ஏறக்குறைய நாலு மடங்கு. 3.66ஐப் போட்டு, குழாயோரம் புற்று செத்துவிட்டது என்று காட்டும் மாடல் ஆபத்தானது.

மின்புலத்திலும் குழாயை விடாதீர்கள். ரத்தத்தின் கடத்துதிறன் 0.7 அளவில், ஈரலைவிட இரண்டு மடங்கு. மின்னோட்டம் அந்தப் பக்கம் சாயும்.

#11 வல்லினம்

வளைவும் கிளைபிரியும் இடமும் இல்லாத நேர்க்குழாய்க்கு உங்கள் கெழு போதும், ஒப்புக்கொள்கிறேன். கிளைபிரியும் இடத்தில் கட்டி இருந்தால் நான் ஓட்டத்தைத் தீர்த்தே பார்ப்பேன். அப்போதும் ஓட்டத்தை ஒரு முறை நிலைநிலையில் (நேரத்தோடு மாறாததாக) தீர்த்து, உறையவைத்து, வெப்பத்துக்கு மட்டும் நேரம் ஓட்டலாம். குழாயின் உள்ளே ரத்தம் சில டிகிரிதான் ஏறும், பாகுநிலை மாறுவது பொருட்டில்லை.

#12 ஜூரோங்_கணிப்பு

சிங்கப்பூர் தேசிய மீக்கணினி மையமான என்எஸ்சிசியின் ஆஸ்பயர் 2ஏ மீக்கணினியில் கணக்கு இருப்பவர்களுக்கு: ஒரே மாடலை 128 கோர்களில் பிரித்து ஓட்டி நேரம் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். அச்சுச் சமச்சீர் மாடல் சில பத்தாயிரம் எலிமென்ட்தான், நாலு கோருக்கு மேல் பயன் இல்லை. அந்தக் கோர்களை உணர்திறன் ஆய்வுக்குச் (எந்த உள்ளீடு விடையை எவ்வளவு மாற்றுகிறது என்று பார்க்க) செலவிடுங்கள். ஐந்து உள்ளீடுகள்: பெர்ஃப்யூஷன், கடத்துதிறன், அதன் வெப்பக் கெழு, வெப்பக் கடத்துதிறன், நீர் அளவு. சோபல் முறையில் அடிப்படை மாதிரி 256 எடுத்தால் 256 × 7, ஆக 1792 ஓட்டங்கள். ஒவ்வொன்றும் தனி, பிபிஎஸ் (மீக்கணினியின் வேலை வரிசை மென்பொருள்) ஜாப் அரேயில் போட்டுவிடலாம். வணிக மென்பொருளானால் உரிமச் சீட்டு எத்தனை என்று முதலில் பாருங்கள், கோர்கள் சும்மா காத்திருக்கும்.

மின்னழுத்தத்தை நிலையாக வைத்தால் பவர் கடத்துதிறனோடு நேராக ஏறும், அதனால் கடத்துதிறன்தான் முதலில் நிற்கும். பவரை நிலையாக வைத்தால் கடத்துதிறனின் பங்கு வெகுவாகக் குறைந்து, உயிருள்ள ஈரலில் பெர்ஃப்யூஷன் முன்னால் வரும். எந்தக் கட்டுப்பாடு என்று சொல்லாத உணர்திறன் வரைபடத்தை நம்பாதீர்கள்.

#13 தணிகை

சோதனைப் பக்கமும் கொஞ்சம். 8 மி.மீ. இடைவெளியில் மிச்சம் இருப்பது முழுக்க மாடலின் தவறாக இருக்காது.

சூடான ஈரல் தண்ணீரை இழந்து சுருங்கும். நீங்கள் அளப்பது சுருங்கிய வெள்ளைப் பகுதியை. மாடல் காட்டுவது சுருங்காத பழைய வடிவத்தை. எலக்ட்ரோடை ஒட்டிய பகுதியில் சுருக்கம் அதிகம். சூடாக்கும் முன் தெரிந்த தூரத்தில் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் ஊசிகளைக் குத்தி, பிறகு அவற்றின் இடைவெளியை அளந்தால் எவ்வளவு சுருங்கியது என்று தெரியும்.

வெட்டும்போது எலக்ட்ரோடு பாதை வழியாகவே வெட்டுங்கள். சாய்த்து வெட்டினால் விட்டம் மாறும்.

உலோகத் தெர்மோகப்பிள் 480 கிலோஹெர்ட்ஸ் புலத்தில் நம்பகம் இல்லை. கம்பியே மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும், அளவியிலும் இரைச்சல் ஏறும். ஒளியிழை உணரி இருந்தால் அது. இல்லாவிட்டால் ஜெனரேட்டரை நிறுத்திய உடன் வரும் எண்ணை மட்டும் எடுங்கள். விளிம்பில் ஒரு மி.மீ. தள்ளிக் குத்தினாலே பல டிகிரி மாறும் என்பதால் உணரியின் இடத்தை வழிகாட்டித் தகடு வைத்து உறுதி செய்யுங்கள்.

#14 நிலா_கென்ட்ரிட்ஜ்

ஈரல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. அதற்குமுன் அகர் ஜெல்லில் பார்க்கலாமா?

#15 மின்முனை

பார்க்கலாம், மின்புலம், வெப்பம் இரண்டையும் மட்டும் சோதிக்க அதுதான் நல்லது. நூறு மி.லி.க்கு உப்பு 0.2 கிராம் போட்டால் 25 டிகிரியில் 0.35 முதல் 0.4 சீமென்ஸுக்குள் வரும். கடத்துதிறன் அளவியில் அளந்து, அந்த எண்ணையே மாடலில் போடுங்கள். காற்றுக்குமிழ் இல்லாமல் ஊற்றுங்கள், எலக்ட்ரோடைச் சுற்றி இடைவெளி விழாமல் ஊற்றும்போதே செருகிவிடுங்கள். அகர் 85 டிகிரியை ஒட்டி உருகும், அதனால் பவரைக் குறைத்து உச்சம் 75க்குள் நிற்கட்டும். கொதிநிலைப் பகுதியை அகரில் சோதிக்க முடியாது. செத்த பகுதியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பாலிஅக்ரிலமைடில் ஆல்புமின் கலந்த ஜெல், சூடு பட்ட இடம் வெளுக்கும். அக்ரிலமைடு பொடி நரம்புகளுக்கு நஞ்சு, கையுறையும் புகைபோக்கி அறையும் கட்டாயம்.

#16 வல்லினம்

ஆய்வேட்டுக்கு இன்னொன்று. மாடலை எதற்காகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இ 2018இல் வெளியிட்ட, மருத்துவக் கருவி மாடல்களின் நம்பகத்தன்மைக்கான வி அண்ட் வி 40 தரநிலை அதையே கேட்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2023 நவம்பரில் இறுதி செய்த வழிகாட்டியும் அந்தப் பாதையில்தான் போகிறது. இரண்டு எலக்ட்ரோடு வடிவங்களில் எது பெரிய பகுதியைச் சுடும் என்று ஒப்பிடுவதற்கு உங்கள் மாடல் இப்போதே பயன்படும். ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் என்று சொல்ல, சிரோசிஸ் ஈரலில் அளந்த பெர்ஃப்யூஷன், குழாய் வடிவத்தோடு கூடிய சிடி படம், விளிம்புப் பிழையின் அளவு எல்லாம் வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்தச் சான்று என்று ஒரு அட்டவணை போட்டுவிட்டால் தேர்வாளர் அங்கிருந்து கேட்பார்.

#17 நிலா_கென்ட்ரிட்ஜ்

எல்லாருக்கும் நன்றி. மூலையை மழுக்கி, கொதிநிலையை எந்தால்பி வடிவில் எழுதி, 30 ஓம் விதியை நிகழ்வாக வைத்து ஓட்டியதில் இம்பிடென்ஸ் இப்போது சோதனையைப் போலவே எகிறி நிற்கிறது. விட்டம் 32. முதலில் அகர், அடுத்து ஊசி குத்திய ஈரல். அதன் பிறகு 1792 ஓட்டங்களைப் போடுகிறேன். ஒரு கேள்வி மட்டும்: ஊசிகளை எலக்ட்ரோடுக்குச் செங்குத்தான திசையில் மட்டும் வைத்தால் போதுமா?

#18 தணிகை

இரண்டு திசையிலும் வையுங்கள். நெடுக்கும் குறுக்கும் ஒரே அளவு சுருங்காது. எலக்ட்ரோடிலிருந்து 5 மி.மீ., 10 மி.மீ., 15 மி.மீ. என்று மூன்று ஜோடி இருந்தால் உள்ளே எவ்வளவு, விளிம்பில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். ஊசி நைலான் இழையாக இருக்கட்டும், 0.5 மி.மீ.க்கு மேல் தடிமன் வேண்டாம். உலோகம் கூடவே கூடாது.